தெப்பத்தில் நின்றவர்

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடமும் வீடு, அலுவலகம், வீடு என்றே போயிற்று. மூன்றாவது வருடம் என்னை ஏரிக்கு அழைத்துப் போனவள் அலுவலகத்துத் தோழி. அவள் இங்கேயே கோர்படி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். எனக்குப் பறவைகள் பிடித்துப்போயின. அவளுக்கு எப்போதுமே பூச்சிகள்தான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கரையில் இருப்போம். நான் கேமராவை முக்காலியில் மாட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பனி நனைத்த புல்லுக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருப்பாள். குளிரில் விறைத்த தும்பி வெயில் ஏறும்வரை பறக்காது, மூச்சு படும் தூரத்தில் போய்ப் படம் எடுக்கலாம் என்பாள். பிறகு கரையோரக் கடையில் டீ குடித்துவிட்டு வீடு திரும்புவோம்.

அழகான ஏரி என்று சொல்ல முடியாது. மேற்கே இருக்கும் அடுக்குமாடிகளின் கழிவுநீர் ஓர் ஓடையாக வந்து அதில் விழுகிறது. சில நாள் நாற்றம் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொள்வோம். பாதி ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருக்கும். மீதிப் பாதியில்தான் வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கும்.

அந்த ஆகாயத்தாமரையை அள்ளுவதற்கு மாநகராட்சிக் குத்தகைக்காரரின் ஆட்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி மேலே பலகை போட்ட ஒரு தெப்பம், கொக்கி வைத்த நீள மூங்கில், இரண்டு பேர். அதில் ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒருநாள் தெப்பத்தைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். தாங்களும் தமிழ்தான், ஏரவாடாவில் வீடு, தாத்தா காலத்தில் சேலம் பக்கமிருந்து வந்தது என்றார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் குரங்குக் குல்லா. அதற்குப் பிறகு செடியை இழுக்கும்போது வேரில் ஒட்டி வரும் பூச்சி எதையாவது தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு என் தோழிக்காக வைத்திருப்பார். ஒருமுறை முதுகு முழுக்க முட்டை சுமந்த பெரிய நீர்ப்பூச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஆண், பொரியும்வரை அதுதான் முட்டைகளைச் சுமக்கும் என்று அவள் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார். வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

நான் அவரிடம் அதிகம் பேசியதில்லை. தெப்பம் நகர்ந்தால் வாத்துகள் விலகிப் போகும். எனக்கு அவர் என் பறவைகளை விரட்டுகிற ஆள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஏரிமேல் பனிமூட்டம் அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. பொதுவாக ஞாயிற்றுக்கிழமை தெப்பம் கரையில் கட்டிக் கிடக்கும். அன்று அது தண்ணீரில் இருந்தது. அவர் மட்டும் அதில் நின்று செடியை இழுத்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவரைக் காணோம். இவர் இன்றைக்கும் வந்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது. தெப்பத்துக்கு இந்தப்பக்கம் ஊசிவால் கூட்டம் ஒன்று வெயிலில் திரும்பி நின்றது. நான் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

திடீரென்று ஏரி முழுவதும் எழும்பியது. நூற்றுக்கணக்கான இறக்கைகள் ஒரே நேரத்தில் தண்ணீரை அறையும் ஓசை. பருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, விரலை எடுக்காமல் கேமராவை மேலே திருப்பிக் கூட்டத்தைத் தொடர்ந்தேன். அவை இரண்டு முறை வட்டமிட்டு மறுபடி இறங்கின. இறங்குவதையும் எடுத்தேன். தெப்பத்தில் ஆள் இல்லை என்பது கண்ணில் பட்டது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று தோன்றியது. எப்படிக் கரைக்குப் போனார் என்று தோன்றவில்லை. தோழி தலையைத் தூக்கி என்ன சத்தம் என்று கேட்டாள். பருந்து என்றேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் அவள் ஒரு மராத்திப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். நான்கைந்து வரிச் செய்தி. ஏரியில் ஆகாயத்தாமரைக்கு அடியிலிருந்து ஓர் ஆணின் உடல் எடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை ஏதும் நடக்கவில்லை, அவர் குடித்துவிட்டுத் தானாக மீன் பிடிக்கப் போயிருக்கலாம் என்று குத்தகைக்காரர் சொன்னதாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கணினியில் திறந்தேன். முதல் சில படங்களில் வாத்துகளுக்குப் பின்னால், சற்று மங்கலாக, அவர் தெப்பத்தின் ஓரத்தில் மூங்கிலோடு குனிந்து நிற்கிறார். அடுத்ததில் தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்ததில் பலகை காலி. அதன் பிறகு வெறும் வானம், வானம் முழுக்க வாத்துகள். ஏறக்குறைய நான்கு நிமிடம் கழித்து அவை இறங்கும் படங்களில், தெப்பத்துக்குப் பக்கத்தில் இலைகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று. கறுப்பு நீர்ப்பறவையான நாமக்கோழி என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். எத்தனை வருடமாக நாமக்கோழியைப் பார்க்கிறேன். அது நாமக்கோழி இல்லை.

என் கணவர் படங்களைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினார். பிறகு, வெளியூரில் வந்து போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டாம், போன உயிர் திரும்பி வரவா போகிறது என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் அந்த நிம்மதியோடு வேலைக்குப் போய்வந்தேன். நான்காம் நாள் தோழியிடம் காட்டினேன். கறுப்பாகத் தெரிந்ததை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு ஏரவாடா போலாம். நீ வரலைன்னா போட்டோவ எனக்கு அனுப்பு. நான் அகேலா, தனியாவே போறேன்."

வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. சந்து முனையில் கேட்டதும் காட்டினார்கள். ஒற்றை அறை. அவருடைய மனைவி பாயில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், பூச்சிக்கார அக்கா யார் என்று கேட்டார். தோழி அழ ஆரம்பித்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். கடைசிப் படத்தை மட்டும் காட்டவில்லை. திங்கட்கிழமை மாநகராட்சி மேலதிகாரி பார்க்க வருகிறார், அதற்குள் அந்த மூலையை முடி என்று சனிக்கிழமை இரவு டேகேதார் போன் செய்தானாம். டேகேதார் என்றால் அந்தக் குத்தகைக்காரர்தான். இப்போது குடித்துவிட்டுப் போனார் என்கிறான், அவர் குடிப்பதை விட்டே ஆறு வருடம் ஆகிறது என்றார் அந்த அம்மா. குரல் உயரவே இல்லை.

பிறகு கேட்டார்: "அவுரு கத்தினாராம்மா?"

"எனக்குக் கேக்கலைங்க. வாத்தெல்லாம் ஒண்ணா எந்திரிச்சுதுங்க. அந்தச் சத்தந்தான் கேட்டுது."

"நீ அப்ப எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

"வாத்தைப் பாத்துட்டு இருந்தேங்க."

அவர் தலையசைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிற்கிற படத்தை மட்டும் திரும்பக் காட்டச் சொன்னார். அதைப் பிரதி போட்டுத் தர முடியுமா, வீட்டில் அவருடைய நல்ல படமே இல்லை என்றார்.

காவல் நிலையத்துக்கும் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். படங்களில் இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, என் வாக்குமூலத்தை மராத்தியில் எழுதி, இந்தியில் எனக்குப் படித்துக் காட்டினார். 'அச்சமயம் நான் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு குத்தகைக்காரர், ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாராம். ஆனால் மிதவை அங்கி கொடுத்திருந்ததாகவும் இறந்தவர்தான் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். என் படங்களில் தெப்பத்தின்மேல் அங்கி எதுவும் இல்லை. பலகைக்கு அடியில் இருந்திருக்கலாம் என்றார்கள் குத்தகைக்காரர் தரப்பில். வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு ஒருமுறை அழைப்பு வந்தது, போனேன், தள்ளிவைத்துவிட்டார்கள்.

படத்தைப் பிரதி எடுக்க ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனபோது, வாத்துகளை வெட்டிவிடவா என்று கேட்டார்கள். வெட்டச் சொன்னேன். வெட்டிப் பெரிதாக்கியதில் முகம் கலங்கிப் போயிற்று. அந்த அம்மா அதைக் கையில் வாங்கி, இதுவே போதும் என்றார். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. தோழி போகிறாள். ஆனால் அவள் ஏரிக்கு வருவதில்லை.

நான் அடுத்த குளிர்காலத்தில் போனேன். ஆகாயத்தாமரை முன்னைவிட அதிகமாகப் படர்ந்திருந்தது. அதே மாதிரி ஒரு தெப்பம், அதில் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவர், தனியாக. செம்மஞ்சள் நிற அங்கி ஒன்று இருந்தது. அதை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கேமராவை முக்காலியில் மாட்டினேன். ஆனால் வாத்துகள் பக்கம் திருப்ப முடியவில்லை. அவர் வேலை முடித்து வரும்வரை இரண்டு மணிநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரை ஏறியதும் நேரே என்னிடம் வந்து, எதற்காக இப்படிப் பார்க்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். படம் எடுத்து யாரிடமாவது புகார் செய்யப் போகிறேனா என்று பயந்திருந்தார். அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

போட்டால் கை வீச வரவில்லை, மேடம் என்றார்.