ஆலோசனைக்கு உட்கார்ந்த போதகரின் மனைவி

1. என் மென்பொருள் வேலையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள்.
2. போவதா, வேலையை விடுவதா என்று கணவரிடம் பேசப் போனேன்.
3. பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் யாராவது அவரை ஜெபத்துக்கு அழைத்தார்கள். அவர் கோட்டையூரில் போதகர்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அவரிடம் ஆலோசனைக்குக் காத்திருந்தவர்களோடு நானும் எரிச்சலுடன் உட்கார்ந்தேன்.

"பாஸ்டரம்மா, நீங்களுமா வந்திருக்கீக?" என்று பக்கத்திலிருந்த அக்கா சிரித்தார்.

என் முறை வந்தது. வேதாகமத்தைப் புரட்டியபடியே அவர், "வீட்டுல சமாதானம் இருக்கா சிஸ்டர்?" என்றார்.

"இல்ல பாஸ்டர். வீட்டுக்காரரு ஊரு கதையெல்லாம் கேக்குறாரு. என் பேச்சைக் கேக்கத்தான் நேரமில்ல."

நிமிர்ந்தார். ஜெபிக்கக் கண்களை மூடப்போனவர், மூடாமல் என்னையே பார்த்தார். "சொல்லு," என்றார்.

எனக்காக அவர் செய்த எந்த ஜெபமும் என்னை அப்படித் தேற்றியதில்லை.

வேலை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. என் எரிச்சலும் முழுதாகத் தீரவில்லை. இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.