சொல்லிக்காம போம்மா

பேய் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் வீட்டு புரோக்கராக வருஷக்கணக்கில் படியேறி இறங்கியவள் நான். "இந்த வூட்ல என்னமோ கீதுன்னு பேசிக்கிறாங்களே மேடம்" என்று இழுத்தவர்கள் எல்லாரும் அடுத்த வார்த்தையிலேயே அட்வான்ஸைக் குறைக்கச் சொன்னவர்கள்தான். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலி வீட்டைக் காட்டிவிட்டுப் பூட்டும்போது உள்ளே பார்த்து "வரேன்" என்பேன். பக்தியும் இல்லை, பயமும் இல்லை. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழகிய வாய், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. வீடு பார்க்க வந்தவர்கள் "யார்கிட்டம்மா சொல்றீங்க?" என்று சிரிப்பார்கள். "வூட்டுக்காரம்மாகிட்டதான்" என்று நானும் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் படியிறங்குவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாடகை புரோக்கர் வேலை தேய்ந்துகொண்டே வந்தது. வீட்டுக்காரர்களே போனில் படம் பிடித்துப் போட்டு ஆள் பிடித்துவிடுகிறார்கள், நடுவில் நான் எதற்கு? முழங்கால் வேறு பேச ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் தி.நகரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பில்டர் கூப்பிட்டார். பழைய ஃப்ளாட்டுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவர்கள். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் வழக்கமாகக் குடிவைக்கிற மூன்று மாடிக் கட்டடம் அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. ஃப்ளாட் ஓனர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், குடியிருப்பவர்களைக் காலி செய்யவைக்க வேண்டும், அதற்கு என்னை விட்டால் ஆளில்லையாம். மாதச் சம்பளம், ஏசி ரூம், விசிட்டிங் கார்டு. "அக்கா, சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க, இல்லாட்டி வேற ஆளைப் பாத்துப்பேன்" என்று அங்கே மேனேஜராக இருந்த தினேஷ் ஒருநாள் காலையில் கறாராகச் சொல்லிவிட்டான்.

ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறையவே இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நான் குடிவைத்தவர்கள். அவர்கள் பால் காய்ச்சிய அன்றைக்கு முதல் டம்ளர் எனக்குத்தான் வந்தது. அதே வாசலில் நின்று கிளம்புங்கள் என்று நானே சொல்ல வேண்டும். முடியாது என்றால் வேறு எவனாவது வந்து இதைவிட மோசமாகச் சொல்லப்போகிறான், எனக்குப் பிழைப்பும் போகும். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சரி, கட்டடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று அன்றைக்கே மத்தியானம் கிளம்பினேன். மூன்றாம் மாடியில் மைதிலி மாமியின் ஃப்ளாட் காலியாக இருந்தது. மாமி அடையாறில் மகளோடு இருக்கிறார், சாவி என்னிடம்தான் இருக்கும். அன்று அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று சொல்லக் கூடாது. எதிர் ஃப்ளாட்டில் குடியிருக்கிற மும்தாஜ் அக்கா, டெய்லரிங் செய்கிறவர், மிஷின் ஓடாததால் மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். "வூடு பாக்க யார்னா வராங்களா கலா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹால், பெட்ரூம், சமையலறை, பாத்ரூம் எல்லாம் பார்த்தேன். சுவரில் காலண்டர் ஆணியைத் தவிர ஒன்றுமில்லை. ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றேன், முடிவு வரவில்லை, வியர்வைதான் வந்தது. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தும்போது வழக்கம்போல "வரேன்" என்றேன்.

"சொல்லிக்காம போம்மா."

உள்ளே இருந்து, சமையலறைப் பக்கமிருந்து வந்தது. பெண் குரல். கைவேலையாக இருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார்களே, அப்படி. மிரட்டவில்லை, அழவில்லை, சத்தியமாகச் சாதாரணமாகத்தான் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சாவு விழுந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான் நாம் "வரேன்" என்று சொல்ல மாட்டோம். யாராவது மறந்துபோய்ச் சொன்னால் அந்த வீட்டு ஆட்களே இப்படித்தான் தடுத்து அனுப்புவார்கள். நான் சாவியோடு அப்படியே நிற்கிறேன், பின்னாலிருந்து மும்தாஜ் அக்கா எழுந்து வந்தார். "யாரு உள்ள? சொல்லிக்காம போம்மான்றாங்களே, சாவு வூடா இது?" அவருக்கும் கேட்டிருக்கிறது! இரண்டு பேரும் கதவைத் திறந்து மூலைமூலையாகத் தேடினோம். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி இருந்தது, பூனை நுழையக்கூட வழியில்லை.

மாமிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று உடனே போன் போட்டேன். "நன்னாத்தான் இருக்கேன், இப்பத்தான் சாப்ட்டுட்டுப் படுத்துண்டேன். ஏன், வாடகைக்கு ஆள் கெடச்சாச்சா?" என்றார். சைதாப்பேட்டையில் என் வீட்டுக்குப் போட்டேன், அண்ணனுக்குப் போட்டேன். எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். அப்புறம் யார் செத்தது?

மும்தாஜ் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடிக்கப் போறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன், அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அப்போ நமக்கு முன்னால வூட்டுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, எங்களுக்கு இன்னா வழி? அதச் சொல்லு."

அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெளிந்தது. வீடு போகப்போவது நிச்சயம், என்னால் தடுக்க முடியாது. ஆனால் இந்த ஜனங்களைத் தெருவில் விடாமல் இருக்க முடியும், அது எனக்குத்தான் தெரிந்த வேலை. அந்தப் படியிலேயே நின்று தினேஷுக்குப் போன் போட்டேன். "நான் வரேன். ஆனா இங்க இருக்கற எல்லாருக்கும் நானே வேற வூடு பாத்துக் குடுப்பேன். கடைசிக் குடும்பம் பால் காய்ச்சின அப்புறம்தான் கையெழுத்துக்குப் போவேன். சரின்னா சரி, இல்லன்னா வேற ஆளப் பாரு." முனகினான், லேட்டாகும் என்றான், முதலாளி திட்டுவார் என்றான். நான் இறங்கி வரவில்லை. கடைசியில் அவன்தான் இறங்கி வந்து சரி என்றான்.

சொன்னபடியே செய்தேன். முழங்கால் வலியோடு தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை எல்லாம் அலைந்தேன். மும்தாஜ் அக்காவுக்குத் தரைத்தளத்தில், தையல் மிஷின் போட வெளிச்சமான அறையோடு அமைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பால் குடித்தேன். இடிக்கிற அன்றைக்குப் போய் நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். அதிலிருந்து காலி வீடுகளில் "வரேன்" சொல்வதையே விட்டுவிட்டேன். வேலை மாறியதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. போன வாரம் அதே மூன்றாம் மாடியில், விற்றுப்போன ஒரு ஃப்ளாட்டைச் சரிபார்க்கப் போனேன். பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை, ஒரு மனுஷர் ஒரு ராத்திரி படுத்ததில்லை. எல்லாம் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் கதவைப் பூட்டினேன்.

"இன்னாம்மா, சொல்லிக்காம போற?"

அதே குரல். அதே சமையலறைப் பக்கம். நான் திறந்து பார்க்கவில்லை, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

வாங்கினவர்கள் நாளைக்குப் பால் காய்ச்சுகிறார்கள், முதல் டம்ளர் எனக்குத்தானாம். போகத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. கிளம்பும்போது என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.