பூவாத்தாள் மிச்சம் வைத்த மாத்திரைகள்

என் மாமியார் பூவாத்தாளிடம் ஒரு புதுப் பனியனைக் கொடுத்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார். உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பார். மடத்துக்குளத்திலிருந்து திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றே ஒரே மகனைப் படிக்க வைத்தவர். ஓட்டை விழுந்த பீஸை முதலாளியே விட்டுவிடச் சொன்னாலும் விடமாட்டார். அந்த மகன் தரணீதரனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். என் சாம்பாருக்கும் அன்றாடம் செக்கிங் உண்டு.

ஐம்பத்தொன்பதாவது வயதில் அத்தைக்கு மாடிப்படியில் நெஞ்சு அடைத்தது. ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அப்போது டாக்டர் இன்னொன்றும் கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

"இதயத்தோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு சின்னச் சின்ன அடுப்புங்க இருக்கும்மா, ஆயிரக்கணக்குல. கொழுப்பை எரிச்சுத் துடிக்கிறதுக்குச் சக்தி தர்றது அதுங்கதான்."

"அப்ப சாயப்பட்டற பாய்லராட்டம்னு சொல்லுங்க" என்றார் அத்தை.

டாக்டர் சிரித்துவிட்டார். மீன் எண்ணெய் சாப்பிட்டால் அது அந்த அடுப்புகளின் சுவரிலேயே போய்ச் சேர்கிறதாம். எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு அதனால் அடுப்பு நன்றாக எரிகிறதா என்பதுதான் கேள்வி. ஆபரேஷனுக்கு முன் இருபத்தெட்டு நாள் தினம் எண்ணெய் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் சோள எண்ணெய். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆபரேஷனின்போது இதயத்தில் குழாய் சொருகும் இடத்தில் எப்படியும் வெட்டி எறிகிற சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள்.

"எறியறதுதானுங்களே, எடுத்துக்குங்க" என்று அத்தை கையெழுத்துப் போட்டார்.

பதின்மூன்று நாள் ஒழுங்காகப் போனது. பதினாலாம் நாள் ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவைத் தொடங்கும் பூச்சாட்டு. சாட்டிவிட்டால் கோயில் பொங்கல் முடிகிற பதினைந்து நாளும் யார் வீட்டிலும் கறி, மீன் என்று எந்தக் கவுச்சியும் கிடையாது. மாத்திரைக்குள் இருப்பது மீனா சோளமா என்று யாருக்குத் தெரியும்? அத்தை டப்பாவை மூடித் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். அமராவதி அணை மீன் என்றால் முள்ளைக்கூட மிச்சம் வைக்காதவர்தான். ஆனால் சாட்டு என்றால் சாட்டு.

பொங்கல் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தினம் சாப்பிட்டதற்கு டிக் போடும் அட்டையையும், மிச்ச மாத்திரையையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தரணீதரன் பயந்துபோனார்.

"ஏம்மா, சாப்புடலீன்னா ஆபரேசன் தேதியக் கேன்சல் பண்ணீட்டா என்னம்மா பண்றது? கொட்டிப் போட்டு, டிக் அடிச்சுக் கொண்டு போலாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சம்மதம்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தைக்கும் பயம் இருந்தது. குளியலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கும் ஆள். டப்பாவை மடியில் வைத்து மிச்ச மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தேதி போனாப் போவுட்டும் சாமி. என்ர நெஞ்சுல இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கப் போறாங்க. நான் பொய் சொன்னா அந்தத் துணுக்கும் பொய் சொல்லும். அத நம்பி நாளைக்கு எத்தன பேத்துக்கு மருந்து எழுதுவாங்களோ!"

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. தரணீதரன் டப்பாவை அப்படியே பையில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அனுசுயா என்ற நர்ஸ் மாத்திரைகளை எண்ணினார். தெற்கத்திப் பெண். "என்னம்மா, பதினஞ்சு நாளு மாத்திர அப்படியே இருக்கு?" என்றார். அத்தை எதையும் மறைக்காமல் டாக்டரிடமே சொன்னார்.

"ஆபரேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. திங்கக்கிழமை தேதி அப்படியேதான் இருக்கு" என்றார் டாக்டர். "நடுவுல விட்டவங்களையும் எண்ணத்தான் செய்வோம். விட்டது எங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். ஆச்சரியம் என்னன்னா, இந்த மாசம் வந்த மத்தவங்க எல்லார் அட்டையிலயும் ஒரு நாள் விடாம டிக் இருக்கு. நான்கூடச் சந்தோஷப்பட்டேன்."

அத்தை டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். இனி விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பங்குனி மாசத்துலயாங்க? ஊரூருக்குச் சாட்டு நடக்கறப்பயா?"

எழுந்து வெளியே நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் நிற்கவில்லை. வராந்தா பெஞ்சில் ஏழெட்டுப் பேர் அட்டையோடு முறைக்காகக் காத்திருந்தார்கள். ஓரத்தில் காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஆறுச்சாமி என்று அட்டையில் பெயர். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்கூர்ல பூச்சாட்டு முடிஞ்சுதுங்களா?"

"முந்தாநேத்துத்தானுங்க பொங்கலு."

"அப்ப இந்த மாத்திரைய என்ன பண்ணுனீங்க?"

பெரியவர் அட்டையை வேட்டி மடிப்புக்குள் மெல்லத் தள்ளினார்.

"நான் சாப்புடலீங்க. உள்ள போயிச் சொல்லிப் போட்டனுங்க. ஆரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க, தேதியும் அப்படியே இருக்குதுங்க. உங்க நெஞ்சுல எடுக்கறதும் நெசஞ் சொல்ல வேண்டாமுங்களா?"

ஆறுச்சாமி அட்டையை மறுபடி வெளியே எடுத்தார். "கெணத்துல கொட்டிப் போட்டனுங்க" என்றார். முழங்காலில் கை ஊன்றி எழுந்து டாக்டர் அறைப் பக்கம் திரும்பினார்.

அவருக்குப் பின்னால், அந்தப் பெஞ்சிலிருந்து இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள்.