செவ்வாயைப் பார்க்கப் போனோம்

என் ஜாதகத்தில் செவ்வாய் ஏழாம் இடத்தில் இருக்கிறது. வானத்தில் அது எங்கே இருக்கிறது என்பதையும் நான் எந்த மாதம் கேட்டாலும் காட்டுவேன். ஆனால் கரமனையில் எங்கள் தெருவுக்கு முதல் விவரம் மட்டும் போதும். என்னைப் பெண் பார்க்க வந்து போனவர்கள், வராமல் போனிலேயே நின்றுவிட்டவர்கள் எல்லோருக்கும் அதுதான் காரணம். டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா சும்மா விடமாட்டாள். "அது உன்மேல கண்ணு வெச்சது போறாதுன்னு, நீ வேற அதும்மேல கண்ணு வெச்சிண்டு நிக்கறியா?"

ஜனவரியில்தான் எங்கள் ஊர் வானம் கொஞ்சம் மனசு வைக்கும். மற்ற மாதங்களில் மேகத்துக்கு அடியில் உட்கார்ந்து பரோட்டா தின்றுவிட்டுத் திரும்புவதே வானம் பார்க்கிற எங்கள் குழுவின் வானியல். அந்த ஜனவரியில் செவ்வாய் பூமிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வேன் பிடித்து, வித்துரா தாண்டி, கல்லாறுக்கு மேலே ஒரு நண்பரின் தோட்ட வீட்டுக்குப் போனோம்.

எனக்கு அன்று கிரகம் இரண்டாம் பட்சம்தான். என்னோடு பல வருஷமாக வானம் பார்க்கிறவன், எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரன், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தான். நான் சரி என்று சொல்லியாயிற்று. அவன் வீட்டில் பேசிவிட்டு அன்று பதில் சொல்வதாக ஏற்பாடு. எனக்குப் பெரிய பயமில்லை. செவ்வாயின் முகத்தைப் பென்சிலால் வரைந்து வரைந்து கைதேர்ந்தவன் அவன். அதைக் கண்டு நடுங்குகிற கூட்டத்தில் அவன் எப்படிச் சேருவான் என்று நினைத்தேன்.

போனதும் டெலஸ்கோப்பை முற்றத்தில் நிறுத்தி ஆறவிட்டான். உள்ளே இருக்கும் கண்ணாடி வெளிக்காற்றுக்குக் குளிரும்வரை எதைப் பார்த்தாலும் பொங்குகிற பாலைப் போலத் தளும்பும். அந்த நேரத்தில் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான்.

"அம்மா ஒத்துண்டுட்டா, கேட்டியா."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவன் முடிக்கவில்லை.

"ஒரு சின்ன பரிகாரம் மட்டும் இருக்காம். முதல்ல ஒரு வாழைமரத்துக்கு உன்னைக் கல்யாணம் பண்ணிவெச்சுட்டு, அந்த வாழையை வெட்டிடுவா. தோஷம் அதோட போயிடுமாம். சும்மா பேருக்கு ஆக்கும். நமக்கு என்ன நம்பிக்கையா? அம்மாவுக்காகத்தான்."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், மனசுக்குள் முக்கால்வாசி சம்மதித்துவிட்டேன். அவனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மரம்தானே, ஒருவேளைக் கூத்துதானே, எந்த வீட்டில்தான் இப்படி ஒன்று இல்லை என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிளம்புவதற்குள் சொல் என்றான்.

திரும்பி வந்தபோது கண்ணாடி குளிர்ந்திருந்தது. முதலில் நான் பார்த்தேன். செவ்வாய் ஆடாமல் நின்றது. ஒரு மிளகளவு ஆரஞ்சு வட்டம், அதில் ஒரு கறுத்த திட்டு, வட ஓரத்தில் துளி வெள்ளையாகத் துருவத்துப் பனி. அதன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அது பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் நின்றது என்று அதற்கு என்ன தெரியும்?

எனக்கு அடுத்து, அன்று முதல்முறையாக எங்களோடு வந்திருந்த ஓர் அம்மாள் பார்த்தார். சர்க்கார் ஆபீஸில் வேலை செய்கிறவர். வெகுநேரம் குனிந்தே இருந்துவிட்டு, இது நிஜமாகவே மனுஷரை ஒன்றும் செய்யாதா என்று அவனிடம் மலையாளத்தில் கேட்டார்.

புதிதாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். அவனிடம் பதில் தயாராக இருக்கும். "கல்லும் தூசியும்தான் சேச்சி. அங்கேயிருந்து யாரையும் ஒன்றும் செய்யாது" என்று அன்றும் அழகான மலையாளத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவருடைய மகளுக்குச் செவ்வாய் தோஷமாம், வந்த இடமெல்லாம் தட்டிப் போகிறதாம். "சாரிண்ட வீட்டில் இங்கனெ ஒரு குட்டியெ எடுக்குமோ?" என்றார். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண்ணை எடுப்பீர்களா என்று.

அவன் குனிந்து ஃபோகஸ் திருகைத் திருப்ப ஆரம்பித்தான். திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, சற்றுமுன் நான் பார்த்தபோது தெளிவாகத்தான் இருந்தது. "எடுப்போம் சேச்சி" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாழை என்ன, தென்னையையும் பனையையும்கூடச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பேன். எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் திருகைவிட்டு நிமிரவில்லை.

"எனக்கும் தோஷம் உண்டு சேச்சி" என்றேன். இருட்டில் அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

சாமான்களைக் கட்டும்போது அவன் பக்கத்தில் வந்தான்.

"என்ன, யோசிச்சியா?"

"வாழைக்குக் கழுத்தை நீட்டறதுல எனக்கு ஒண்ணுமில்லை. அதுக்கப்புறம் உனக்கு நீட்டணுமே, அதுதான் என்னால ஆகாது."

அவன் லென்ஸ் பெட்டியை மூடினான். நான் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து, வித்துரா தாண்டும்வரை சத்தமில்லாமல் அழுதேன்.