அவள் எழுதாமல் விட்ட பக்கம்

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். புத்தளத்துக்குப் பக்கத்தில் ஆலங்குடாவில் எங்கள் வளவைச் சுற்றியிருந்த அகதிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மன்னாருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கதிரையையும் அலுமாரியையும் லொறியில் ஏற்றி, எல்லா வீட்டுக்கும் ஸலாம் சொல்லி, அழுதுகொண்டு போவார்கள். சிலர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சரிவரவில்லை என்று அடுத்த தவணைக்கே திரும்பி வந்து, எங்களைப் பார்த்து வெட்கத்தோடு சிரிப்பார்கள். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் வழுக்கி விளையாடத் தொடங்கியிருந்தார்கள். நான் பள்ளிவாசல்துறை மீன் வாடிகளில் கருவாடு எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மதுரங்குளிக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். அல்லாஹ் எங்களுக்குக் குறை வைக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி அப்படியல்ல. சிறுபிள்ளையாக உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வந்தவள். அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் படித்து, கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவள். கலியாணம் பேசியபோது அவளுடைய மூத்த நானா, அவள் அண்ணன், என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி ஒண்டு கேக்கச் சொன்னா. படிக்க விடுவீங்களா எண்டு" என்றார். நான் ஓம் என்றேன். மஹர் பணம் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவள் ஊர் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒரு மிஸ், கொழும்பில் சமூகப்பணியில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். சனி, ஞாயிறுகளில்தான் வகுப்பு. வீட்டுக்கு வந்தவள் தலையில் போட்ட முந்தானையைக்கூட எடுக்காமல் குசினி வாசலில் நின்று சொன்னாள்.

"முகாமில இரிக்கக்குள்ள எத்தன நிறுவனத்துக்காரர் வந்தாங்க. பாயில இருந்து, உம்மாட்ட எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு போவாங்க. அடுத்த மாசம் வேற ஆக்கள் வந்து அதையே கேப்பாங்க. வந்து போற ஆக்கள் இல்லாம, இஞ்சயே இரிக்கிற ஒராள் அந்த வேலையப் பாக்கோணும்."

அந்தப் படிப்பு இல்லாமல் அந்த வேலைக் கதிரையில் அவளை யாரும் உட்கார வைக்கமாட்டார்கள். இன்னொன்றும் இருந்தது. எங்கள் மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் பெரியபிள்ளையாகிவிட்டால் தாய் கிழமைக்கு ஒரு இரவு வெளியே தங்குவது எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் இனி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்களோடு இருந்த அவளுடைய உம்மாவுக்கு, என் மாமிக்குத்தான் சிரிப்பு. "சமூகப்பணியா? அதுக்கும் படிப்பு இரிக்கா? ஆள் மௌத்தாப் போன வூட்டுல சோறு வடிக்கிறதுக்கும் இனி சேட்டிபிக்கட் கேப்பானுகளோ?"

விண்ணப்பத்தை அஸர் தொழுதுவிட்டு மேசையில் விரித்தோம். பெயர், பிறந்த இடம், படித்த படிப்பு எல்லாம் வழக்கம்போல அவளுடைய அழகான எழுத்தில் நிரம்பியது. கடைசியில் ஒரு முழுப்பக்கம் வெறுமையாக இருந்தது. சமூகத்துக்கு நீங்கள் செய்த சேவைகளை விபரமாக எழுதுங்கள் என்று மேலே போட்டிருந்தார்கள். அவள் பேனையை மூடி வைத்தாள்.

"என்ன, எழுதன்" என்றேன்.

"என்னத்த எழுத?"

"என்னத்தயா? பொம்புள மௌத்து எண்டா குளிப்பாட்ட ஆரக் கூப்பிடுறாங்க? புருஷன் மௌத்தாகி நாலு மாசம் வீட்டோட இத்தா இரிக்கிற பொம்புளைகளுக்கு ஆரு போய்த் தொணைக்கு இரிக்கிற? புருஷன் அடிச்ச அந்தப் புள்ளயப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆரு? நானா போனன்?"

"அது எல்லாம் அல்லாஹ்வுக்காகச் செஞ்சது. அத எழுதி கம்பஸுக்கு அனுப்பினா, கூலிய இஞ்சயே வாங்கின மாதிரி. பொறகு மறுமையில என்னத்தக் கேக்கிற?"

"கேட்டதுக்குப் பதில்தானே எழுதுற. பெருமையடிக்கவா போற?"

"மத்தவங்க மெச்சோணும் எண்ட முகஸ்துதி சொல்லிக்கொண்டா உள்ளுக்கு வரும்? வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியப்படாது எண்டு மகனுக்குச் சொல்லிக் குடுக்கிறது நீங்கதானே."

உள்ளே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமி வந்து நின்றார். "மருமகன், நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன். என்ர மறுமைய நான் பாத்துக்கொள்ளுறன்."

மாமிக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பக்கம் நிரம்பவில்லை. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன், மாதர் சங்கத்தில் இருக்கிறேன் என்று சில வரிகள் மட்டும் எழுதி மடித்துவிட்டாள்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்களில் மையித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டியவர்கள் தாங்கள் கண்டதை அந்த வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. அது நம்பி ஒப்படைத்த அமானிதம். அப்படிப் பழகிய வாய்க்கு, நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்று சொல்லச் சொன்னால் எப்படி வரும்? அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இடம் போய்விடும் என்றும் தெரிந்தது. தபாற்கந்தோரில் அதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழியெல்லாம் துஆ கேட்டுக்கொண்டே வந்தேன்.

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். நான் மதுரங்குளியில் ஒரு கடையில் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் சொன்னாள். கடைக்காரர் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், தம்பி. ஆனா அங்க போற அண்டைக்கு இந்த நெத்தலிச் சாக்கத் தொடாமப் போங்க" என்றார்.

ஸுபஹு தொழுத கையோடு பஸ் ஏறினோம். நான் பெருநாள் சட்டை போட்டிருந்தேன். சிலாபம் தாண்டும்வரை அவள் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். கொழும்பில் நேர்முகம் நடந்த கட்டடத்தின் விறாந்தையில் வந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லோரும் அவளை விட இளசுகள். மடியில் செங்கல் தடிப்பில் கோவைகள். அவற்றில் பளபளவென்று சான்றிதழ்கள், கூட்டங்களில் எடுத்த படங்கள். அவளிடம் இருந்தது மகளின் பள்ளிக்கூடக் கோவை. முன்பக்கத்தில் ஒரு பூனைப் படம்.

"இஞ்சாருங்க, எல்லாரும் எவ்வளவு கொண்டு வந்திரிக்காங்க" என்றாள் மெதுவாக.

"அல்லாஹ்மேல தவக்குல் வை" என்றேன். வேறு என்ன சொல்வது?

லுஹர் தொழப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டு வந்தபோது அவள் வெளியே மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து இருந்து, வண்டி நீர்கொழும்பையும் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"மூணு பேர் இரிந்தாங்க. ஒரு பெரிய சேர், அந்தப் பக்கத்தக் கையில தூக்கிப் பிடிச்சி, 'இதில ஒண்டுமே இல்லையே' எண்டு கேட்டார், சிங்களத்தில."

"நீ என்ன சொன்ன?"

"எழுத மனம் வரல்ல, சேர் எண்டன்."

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். "பொறகு?"

"பொறகு ஒரு தமிழ் மிஸ். நல்ல வயசு. அவங்க கேட்டாங்க, சரி, உங்கட ஊர்ல ஒரு வீட்டுல ஆம்புள இறந்துபோனா அந்த வீட்டுல என்ன நடக்கும் எண்டு. நான் சொன்னன். கபன் துணி ஆர் எடுக்கிற, கபுறு ஆர் வெட்டுற, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு எந்த வீட்டிலருந்து சோறு வாற, இத்தா இரிக்கிற பொம்புளைக்கு என்னென்ன செய்யிற, எல்லாம். அது ஊர் கதைதானே, என்ர கதை இல்லையே. நல்லாக் கதைச்சன்."

"அப்ப நல்லதுதானே!"

"கேளுங்களன். ஒரு உதாரணம் சொல்லச் சொன்னாங்க. பேர் சொல்லாம, கடல்ல மௌத்தானாரே, அவர்ர வீட்டைச் சொன்னன்."

எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் குடும்பம். அந்தப் பெண் இத்தா இருந்தபோது, அவளுடைய சின்ன மகன் வாப்பாவைக் கேட்டுக் கேட்டு அழுதான். வருகிற பெண்களெல்லாம் அதைப் பார்த்து அழ, வீடு அடங்கவேயில்லை. என் மனைவிதான் முன்நின்று, பிள்ளையைப் புத்தளத்தில் அவனுடைய பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். ஊரே மெச்சியது.

"புள்ளய அனுப்பினதச் சொன்னதும் அந்த மிஸ் கேட்டாங்க, 'அந்தத் தாய்ட்டக் கேட்டீங்களா?' எண்டு."

"நீ?"

"கேக்கல்ல எண்டன்."

பஸ்ஸில் பாட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மதுரங்குளியில் பஸ் நின்றபோது கடலை வாங்கினேன். அவள் கையிலேயே வைத்திருந்தாள். இடம் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவள் இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்பது எனக்கு அடுத்தநாள்தான் தெரிந்தது.

அடுத்தநாள் காலை, அடுப்பு வேலை முடிந்ததும், "வாறன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். அப்போது அவளுடைய இத்தா முடிந்து வருடக்கணக்காகிவிட்டது. அந்தப் பிள்ளை திரும்பி வந்து, எங்கள் மகனோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தான். போய்வந்து என்னிடம் சொன்னாள்.

"அண்டைக்குப் புள்ளய அனுப்ப உங்களுக்குச் சம்மதமா இரிந்திச்சா எண்டு நான் கேட்டதும் சிரிச்சிட்டா. 'இவ்வளவு காலத்துக்குப் பொறகா ராத்தா கேக்க வந்தீங்க? அண்டைக்குக் கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்' எண்டா. பிளேன்டீ ஊத்தித் தந்தா. கதைச்சிக் கதைச்சி இரிந்திட்டு, நான் எழும்பக்குள்ள சொல்றா, 'அந்த நாளில, படுத்தா கைய நீட்டி புள்ளயத் தேடுவன் ராத்தா. பாய்தான் இரிக்கும்' எண்டு."

அன்று அவள் நீண்ட நேரம் தொழுத முஸல்லா விரிப்பிலேயே இருந்தாள்.

பிறகு நாட்கள் போயின. நான் கொழும்புப் பேச்சையே எடுக்கவில்லை. மாமி மட்டும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், "இண்டைக்கும் எங்களுக்கு ஒண்டும் இல்லையா மகன், ஒரு கடுதாசியாவது இரிக்கா?" என்று அவரை ஏசுவதுபோல விசாரிப்பார்.

கடைசியில் பதில் தபாலில் வரவில்லை. தொலைபேசியில் வந்தது. நான் பின்வளவில் சாக்கை விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, "ஓம் மிஸ், ஹரி மிஸ், போஹொம ஸ்தூதி மிஸ்" என்று மூன்று பாஷையையும் கலந்து பேசிக்கொண்டு ஓடி வந்தாள். இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே சாக்கின்மேல் ஸுஜூதில் விழுந்துவிட்டேன். எழும்பியபோது நெற்றி முழுக்க மணலும் மீன் செதிலும்.

மாமி பார்த்துவிட்டு, "நன்மை எழுதுற மலக்குமார் இத மூக்கப் பொத்திக்கொண்டு எழுதியிரிப்பாங்க மருமகன்" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

எதற்காக எடுத்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. நிரப்பாத பக்கத்தையும் ஒளிக்காமல், கேட்காததையும் ஒளிக்காமல் சொன்ன நாவை அல்லாஹ் வீணாக்கவில்லை. படித்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

அந்த இரண்டு வருடங்களை இப்போது நினைத்தாலும் மனது இனிக்கிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் போய்விடுவாள். இரவு வத்தளையில் அவளுடைய உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் தங்குவாள். வீட்டில் என் சமையல். "வாப்பா, இது ஆணமா, கடல் தண்ணியா?" என்று மகன் கேட்பான். மகள் ஒன்றும் சொல்லாமல் கோழிக்குப் போட்டுவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிடுவாள். ஞாயிறு மாலை பாலாவிச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன். இறங்கி வருகிறவளின் கண்ணில் தூக்கமும், வாயில் அன்றைய பாடமும் இருக்கும். காற்றை எதிர்த்து ஓட்டிக்கொண்டு வரும்போது பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவாள். பாதி எனக்குக் கேட்காது. கேட்டதிலும் பாதி விளங்காது. ஆனாலும் "ம்" கொட்டுவேன்.

வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. எதையும் அவளாக முடிவு கட்டுவது நின்றுபோனது. பிள்ளைகளிடம் கேட்பாள். உம்மாவுக்குப் போர்த்துவதற்கு முன் குளிருகிறதா என்று கேட்பாள். "கம்பஸுக்குப் போய் கேள்வி கேக்க மட்டும் படிச்சிட்டு வந்திரிக்கா" என்று மாமி முணுமுணுத்தாலும், குளிருகிறது, குளிரவில்லை என்று ஒவ்வொரு நாளும் விதம்விதமாகப் பதில் சொல்வார்.

ஒரு ஞாயிறு பாலாவியில் மழை பிடித்துக்கொண்டது. மூடியிருந்த ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். அவள் என் தலையில் வடிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "நான் இப்படிப் போய் வாறன். உங்களுக்கு என்ன வேணும் எண்டு நான் கேக்கவே இல்லையே" என்றாள்.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் பதில் வரவில்லை.

"அவசரமில்ல" என்றாள் அவள். "யோசிச்சிச் சொல்லுங்க. நான் இரிக்கிறன்."