அட்ரோபின் சொட்டும் அறுந்த இழையும்

பிள்ளைகளே, என் இடது கண் இன்றைக்கும் பார்க்கிறதென்றால் அது நான் பிடித்த பிடிவாதத்தால்தான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

குமாரபாளையத்தில் தறி நெய்துகொண்டிருந்த காலம். கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே குத்தியது. டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் வீக்கம் என்றார். கண்ணின் கறுப்புப் பாப்பா சுருங்கி உள்ளே ஒட்டிக்கொண்டால் பார்வை போய்விடும், ஒட்டாமல் விரித்து வைக்கத்தான் இந்த அட்ரோபின் சொட்டு என்றார். “கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும், வாய் உலரும். அதற்குப் பயந்து நிறுத்தாதே. நெஞ்சு படபடத்தாலோ புத்தி தடுமாறினாலோ உடனே ஓடி வா. வாய்க்குள் போனால் விஷம்.”

நாலாம் நாள் பாப்பா விரிந்து கண்ணே கறுப்பாகிவிட்டது. உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது என் மாமனார், திடுக்கிட்டுப் போனார். கண்ணைச் சோதிக்க எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒரே வழி. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் அறுந்த இழையை முடிச்சுப் போட வேண்டும். போட வராவிட்டால் கண் போச்சு என்று அர்த்தம். எனக்குப் பாவே புகையாய்த் தெரிந்தது.

“போச்சுங்க மாப்பிள்ளை! ஊமத்தைச் சாதி மருந்தாமா. அதத் தின்னவனே துணியக் கிழிச்சுக்கிட்டுத் திரியறான், நீங்க கண்ணுலயே ஊத்தறீங்க. சீசாவக் குடுங்க, ஆத்துல எறியறேன்.”

“குடுக்க மாட்டனுங்க மாமா.”

“குருடனுக்கா எம்புள்ளயக் குடுத்தேன்?”

“இன்னும் ஆகலீங்க. சீசாவ எறிஞ்சாத்தான் ஆவேன்.”

நல்ல கண்ணைப் பொத்தியபடியே அவரை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனேன். வெயிலில் கண்ணீர் கொட்டியது.

“அக்கரையில செவப்புச் சேலை காயுது. பக்கத்துல எருமை நிக்குது. சரிங்களா?”

“எருமையில்லீங்க, கழுதை.”

“கழுதைன்னே வெச்சுக்கங்க! தூரத்துல தெரியுதல்லங்க? கிட்டத்துல தெரியாதது மருந்தோட வேலைங்க.”

அவர் நம்பவில்லை. நான் நெய்தது அவருடைய தறி, அதைத் தன் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டார். நான் பெண்களோடு உட்கார்ந்து, வெளிச்சம் கூச இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, விரல் தடவலிலேயே நாடாவுக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொள்வேன். தெரு சிரித்தது. சிரித்தவர்கள் பார்க்கவே, வாசலில் நின்று அண்ணாந்து வேளை தவறாமல் சொட்டு விட்டேன்.

டாக்டர் போதும் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். பத்து நாள் கழித்துப் பாப்பா பழைய அளவுக்கு வந்தது. மாமனார் அப்போதும் தறியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராசிபுரத்தில் வேறு தறி பார்த்து உட்கார்ந்தேன், இரண்டு கண்ணோடு.