பிளாட்பாரத்தில் நின்றவன்

எங்கள் வேலை பொய்ப்பல் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்ப்போம். மெழுகில் பல் வரிசை வைத்து, இளஞ்சிவப்பில் ஈறு கட்டி, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். இதில் மெழுகில் பல் வைப்பதுதான் நுணுக்கமான வேலை. அதைச் செய்தவளைத்தான் நாங்கள் இந்தி அக்கா என்று கூப்பிட்டோம்.

அக்காவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. பல் சாமான் விற்க வந்த ஒருவன் அவளிடம் இந்தியில் ஏதோ கேட்டான். அவளும் கனிவாகத் தலையாட்டி, கையைப் பிடிக்காத குறையாகக் கழிவறைக்கு வழிகாட்டி விட்டாள். அவன் கேட்டது முதலாளியின் அறையை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்திப் படம். கடைத்தெரு முனையில் இருந்த பழைய தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இந்திப் படம்தான் போடுவார்கள். பள்ளிக்கூட நாளில் சித்தியோடு போய்ப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு போனாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்கு அவர் மாமா. பேச்சு குறைவு. பாதி வாழ்க்கை லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டே போவதால் மனிதருக்குப் பேசும் பழக்கம் விட்டுப் போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

இந்திப் படம் பற்றி அக்காவிடம் தீர்ப்புகள் இருந்தன. அபிப்பிராயம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

"ஸ்வெட்டர் போட்டுட்டு வர்றவன் நல்லவன். கழுத்துல மஃப்ளர் சுத்திக்கிட்டு வர்றவனை மட்டும் நம்பாதே, கல்யாண மண்டபத்துல கழுத்தறுப்பான்."

"அவங்க வீட்டு மாடிப்படி ஏறி இறங்குறதுக்குன்னு நினைச்சியா? பாதியில நின்னு திரும்பிப் பாக்குறதுக்குடி."

"அழறப்போ கீழ்ப்பல் தெரிஞ்சா அது நெஜ அழுகை. மேல்பல் மட்டும் தெரிஞ்சா அது கேமராவுக்கு."

மொழி தெரியாமல் எப்படி அக்கா என்று கேட்டால், மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். "பாஷை தெரிஞ்சவன் வாயைப் பாப்பான். தெரியாதவ மூஞ்சியைப் பாப்பா. பொய் சொல்றது எது? வாய்தானே? நாம செய்யுறதே வாய்க்குள்ள வைக்கிற பொய்தானே?"

திங்கட்கிழமை மதியம் மோட்டார்கள் நின்றதும் அக்கா கதை சொல்வாள். மேசையில் கிடக்கும் மாவுத் தாடைகள்தான் நடிகர்கள். பல்லே இல்லாத தாடை மாமியார். முன்பல் தூக்கிய தாடை வில்லன். தாடைகளை எதிரெதிரே வைத்து அவள் பேசவைக்கும்போது நாங்கள் சாப்பாட்டை மறந்துவிடுவோம். முதலாளியே கதவோரம் நின்று கேட்டுவிட்டு, பிறகு நேரமாகிவிட்டது என்று எங்களைத் திட்டுவார்.

அவள் சொன்னதிலேயே எங்களை அதிகம் அழவைத்தது பிளாட்பாரப் படம். உண்மைப் பெயர் அவளுக்கும் தெரியாது. ஓர் ஊரில் ஒருவன், ஒருத்தி. உயிருக்கு உயிர். மழைப் பாட்டில் சேர்ந்து ஆடுகிறார்கள். அவள் குடும்பத்துக்காக அவனை விட்டுக் கொடுக்கிறாள். நீல நிறச் சேலையில் ரயில் ஏறுகிறாள். ஜன்னல் வழியாக ஏதோ சொல்கிறாள். அவன் பேசவில்லை. ரயில் நகர்கிறது, அவன் கை மட்டும் மேலே வந்து பாதியில் நின்றுவிடுகிறது. "அந்த நிமிஷம் அவன் ஓடியிருந்தா அவ இறங்கியிருப்பாடி," என்பாள் அக்கா. "ஓடலை. வாழ்நாளெல்லாம் அங்கேயே நின்னான். படம் அவ்வளவுதான்."

எனக்கு அந்தக் கதை வெறும் கதையில்லை. அப்போது எங்கள் பட்டறைப் பல் செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டு போய்க் கொடுக்க ஒருவர் வருவார். எங்களுக்குள் ஒரு பிரியம் இருந்தது. பிறகு ஒரு சின்னச் சண்டையில் பேச்சு நின்றது. அவர் தூரத்து ஊரில் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்று கேள்விப்பட்டது ஒரு திங்கட்கிழமை. அன்று மதியம் யாரோ கேட்க, அக்கா பிளாட்பாரப் படத்தை மறுபடி சொன்னாள். அந்தக் கை பாதியில் நின்ற இடம் வந்ததும் நான் எழுந்தேன். மாவு அப்பிய கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டையில் வெள்ளையாக ஐந்து விரல் பதிந்தது. அவர்தான் இன்று என் வீட்டுக்காரர்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அக்கா வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. இந்தி பேசுகிற இரண்டு வேலைக்காரர்கள் வந்தார்கள். அக்கா அவர்களிடம் கையாலும் புருவத்தாலும் பேசிச் சமாளித்தாள். தனக்குத் தெரிந்த இந்திப் பட முகபாவங்களையெல்லாம் காட்டியிருப்பாள் போலிருக்கிறது. அவர்கள் அவளைக் கண்டாலே பவ்வியமாக எழுந்து நின்றார்களாம்.

மறுநாள் காலை மாமா கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா டீத் தட்டோடு நின்றாள். உள்ளே ஒருவன் டைல்ஸ் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தான். அதன் ஒயர் ஓரிடத்தில் தோலுரிந்து தரையில் தேங்கிய தண்ணீரில் கிடந்ததை மாமா பார்த்துவிட்டார். யோசிக்க நேரமில்லை. வீடே அதிரக் கத்தினார், இந்தியில். அவன் மெஷினைப் போட்டுவிட்டுத் துள்ளினான். இன்னொருவன் பிளக்கைப் பிடுங்கினான். மெஷினைப் போட்டவன் மாமாவிடம் ஏதோ கேட்டான், மாமா பதில் சொன்னார். அவன் சிரித்தான். மாமா இன்னும் நீளமாக ஏதோ சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் தமிழில் பேசி அக்கா கேட்டதில்லை.

"என்னங்க, இப்ப என்ன பேசுனீங்க?"

"ஒயர் தண்ணியில கிடந்துச்சு."

"அது எனக்கும் கண்ணுக்குத் தெரியுது. எந்த பாஷையில பேசுனீங்க?"

மாமா தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டார். "இந்திதான்."

"இந்திதான்னா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வெளியூர்ல ஐஸ் கோடவுன்ல வேலை பாத்தேன்ல. அங்க எல்லாருக்கும் அதானே பாஷை."

ஐஸ் கோடவுன் விஷயம் அக்காவுக்குத் தெரியும். அங்கே என்ன பாஷை பேசினீர்கள் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்?

அவள் கண் முன்னால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரிசையாக வந்து நின்றது. தியேட்டரில் அவர் காதோரம் சாய்ந்து, எழுத்துப் போட ஆரம்பித்ததிலிருந்து வணக்கம் வரைக்கும் அவள்தான் கதை சொல்லிக்கொண்டே வருவாள். அவன் இவளை ஏமாத்துறான், இவளுக்குத் தெரியாது. இது அவளோட சின்ன வயசு. இந்தக் கிழவர்தான் நெஜ அப்பா. மாமா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டுவார். அந்த "ம்" இப்போது என்ன "ம்"?

அன்று பட்டறையில் அக்கா ஒரு தாடையில் வலக் கோரைப்பல்லை இடப்பக்கம் வைத்துவிட்டாள். அவள் கையில் அப்படி ஒரு தப்பை நாங்கள் பார்த்ததேயில்லை. என்ன அக்கா என்று கேட்டோம். நடந்ததைச் சொல்லிவிட்டு, "நான் இப்ப கோபப்படணுமா, சிரிக்கணுமா? யாராவது சொல்லுங்கடி," என்றாள். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போய், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மாமாவைக் கேட்டிருக்கிறாள். "நீ கேக்கலையே," என்றார். மறுநாளும் கேட்டாள். "உனக்கு எல்லாம் தெரியும், நீ வேணும்னேதான் மாத்திச் சொல்றேன்னு நினைச்சேன்," என்றார். மூன்றாவது முறை கேட்டபோது கொஞ்சம் யோசித்தாராம். "கல்யாணமான புதுசுல முதல் படத்துக்குப் போனோம். நீ அவ்வளவு சந்தோசமா கதை சொன்னே. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

மூன்றில் எது நிஜம் என்று அக்காவுக்குப் புரியவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தாளாம். ஊரான் மகன் முகத்தையெல்லாம் திரையில் படித்தவளுக்கு, வீட்டுக்காரர் முகத்தில் ஓர் எழுத்து பிடிபடவில்லை.

அந்த வார இறுதியில் அவள் பயந்துகொண்டே கேட்டாள். "அந்தப் பிளாட்பாரப் படம்..."

"அது வேணாம், விடு."

"சொல்லுங்க."

"சொன்னா நீ வருத்தப்படுவே."

"சொல்லாட்டி தூக்கம் வராதுங்க."

மாமா பெருமூச்சு விட்டார். "அவ அவனுக்குத் தங்கச்சி."

மாமா மீதியையும் சொன்னார்.

அண்ணன் அப்பாவின் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். தங்கை கோர்ட்டுக்குப் போய்த் தோற்றாள். ரயில் ஜன்னலில் அவள் சொன்னது, இனி செத்தாலும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று. மழைப் பாட்டில் அவனோடு ஆடியது அவன் மனைவி. அவளும் நீலச் சேலை கட்டியிருந்தாள்.

"அப்ப கையைத் தூக்குனானே?"

"தூக்குனான். ஏன்னு அதுல யாரும் சொல்லலை."

திங்கட்கிழமை அக்கா இதைப் பட்டறையில் சொன்னாள். முதலாளி கதவோரத்தில் நின்றபடியே, "வீட்டுத் தகராறா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் தங்கைச் சொத்துச் சண்டையைக் கேட்டா நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்? அன்று மாலை வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நெஜக் கதை தெரிஞ்சிருந்தா நீ வந்திருக்க மாட்டியா?"

"தெரியலை," என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

"நல்லவேளை, மாமா வாயைத் திறக்கலை," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். நிம்மதியில் சொன்னாரா கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அக்காவின் நோய் எனக்கும் தொற்றிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு முடிவோடு தியேட்டருக்குப் போனாள். "இன்னைக்கு நீங்க சொல்லுங்க. நான் ம் கொட்டுறேன்." மாமா சொன்னார். லிஃப்ட் பழுதுபார்த்த கணக்குக் கொடுப்பதுபோலச் சொன்னார். "வந்துட்டியாங்கிறான். வந்துட்டேங்கிறா. சாப்டியாங்கிறான்." கால் மணி நேரத்தில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் சாப்டியான்னா கேக்குறான்? மூஞ்சியைப் பாருங்க. பிரியப் போறான்."

"வாய் தெளிவா சாப்டியான்னுதான் கேக்குது."

"வாய் கேக்கும்ங்க. அவன் கேக்கலை."

முன்வரிசைக்காரர் திரும்பி, இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள் என்றார். இடைவேளைக்குப் பிறகு படத்தில் அவன் உண்மையிலேயே அவளைப் பிரிந்து போனான். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா திரையைப் பார்த்தார். படம் முடிந்து வரும் வழியில் மாமா, பாட்டு வரிகள் தனக்கும் அவ்வளவாகப் புரியாது என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் பிளாட்பாரப் படத்தில் பாட்டாக வந்த பகுதியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற சந்தேகம் அக்காவுக்குப் புதிதாகக் கிளம்பியது. படத்தில் பாதி பாட்டுத்தான்.

வீடு வந்து சேரும் முன் அவள் கேட்டாளாம், "என்கிட்ட இந்தியில ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன். நல்லதா."

மாமா நின்றுவிட்டார். "நல்லதா எனக்குத் தெரியாதே. கோடவுன்ல என்கிட்ட யாரும் அந்த பாஷையில நல்லதா பேசுனதில்ல. தூக்கு, இறக்கு, சீக்கிரம், கழுதை. இவ்வளவுதான்." பிறகு, "தியேட்டர்ல அவங்க பேச ஆரம்பிச்சாலே எனக்கு அந்தக் கோடவுன் மேஸ்திரி குரல்தான் கேக்கும். நீ காதுல பேச ஆரம்பிச்சா அது கேக்காது," என்றார். சொன்னதும் வேகமாக முன்னால் நடந்துவிட்டார், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி. பஸ் எதுவும் வரவில்லை.

"இது நாலாவது காரணம்," என்றாள் அக்கா எங்களிடம். "இதுதான் நெஜமாடி? இல்ல, இதுவும் அந்த நேரத்துக்குத் தோணுச்சா?" நிஜம்தான் என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். அவள் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. ஒரு கோரைப்பல்லை எடுத்து, வலதா இடதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

இப்போதும் இருவரும் காலைக் காட்சிக்குப் போகிறார்கள். உள்ளே அக்கா பேசுவாள், வெளியே வந்தபின் மாமா தன் பங்கைச் சொல்வார் என்று ஏற்பாடு. எங்களுக்கு ஒரு படத்துக்கு இரண்டு கதை கிடைக்கிறது. சில வாரம் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. போன வாரக் கதையில், அக்கா கணக்குப்படி கடைசியில் கல்யாணம், மாமா கணக்குப்படி வீட்டை வாடகைக்கு விட்டார்கள். மஃப்ளர் போட்டவன் இந்த முறை நல்லவனாகிவிட்டான். அதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. அதுதான் அக்காவை ரொம்பவும் குழப்பிவிட்டது.